கதவு அவர்களுடையது, நிலை எங்களுடையது

உலகம் முன்னேற வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. அதுவும் பதினேழு இலக்குகள் வைத்து, ஆண்டு குறித்து, எல்லா நாடுகளும் கைகோத்து முன்னேறுவதென்று தீர்மானமான பிறகு, அதற்கென்று ஓர் அலுவலகம் திறக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது. திறந்தார்கள். ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் நான்காம் மாடியில் ‘சர்வதேச ஒத்துழைப்பு விரைவாக்க மையம்’ வந்து உட்கார்ந்தது. விரைவாக்குகிறவர்கள் நிஜமாகவே விரைவாக்குகிறார்களா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டாமா? அதற்காக மூன்றாம் மாடியில் ‘முன்னேற்றச் சரிபார்ப்பு நிறுவனம்’ வந்தது. மையத்தின் தலைமையகம் பனி பெய்யும் ஒரு நாட்டில் இருந்தது. நிறுவனத்தின் தலைமையகம் கடலுக்கு அந்தப் பக்கம் வேறொரு நாட்டில். இரண்டுக்கும் பொதுவாக ஒரு லிஃப்ட் இருந்தது. அது நான்கு பேர் ஏறினால் நகராது.

நான்காம் மாடியில் ஒருவர் வேலை பார்த்தார். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் ‘முன்னுரை’. ஒப்பந்தங்களின் தலைமாட்டில் ‘நினைவில் கொண்டு’, ‘மீண்டும் வலியுறுத்தி’, ‘ஆழ்ந்த கவலையுடன் கவனித்து’ என்றெல்லாம் வருமே, ஒப்பந்தம் தொடங்குவதற்குள் படிப்பவரைக் களைப்படைய வைக்கும் அந்தப் பகுதியை எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. காய்கறி வாங்க அனுப்பினால்கூட, குடும்பத்தின் ஊட்டச்சத்துத் தேவையை நினைவில் கொண்டு கிளம்பிப் போய், தக்காளியை மறந்துவிட்டு வருவார் என்று அவர் மனைவி சொல்வாள்.

அந்த மனைவிக்கு வேலை மூன்றாம் மாடியில். சரிபார்ப்பு அதிகாரி. அறிக்கையில் ஒரு கிணறு என்று எழுதியிருந்தால் கிணற்றைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாள். அதனால் அவளுக்குப் பதவி உயர்வு வரவில்லை. இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வருவார்கள். லிஃப்ட் மூன்றாம் மாடியில் நிற்கும்போது அவள் இறங்கிக்கொள்வாள். அந்த நிமிஷத்திலிருந்து மாலை ஐந்தரை வரை கணவன் மனைவி உறவு ஒத்திவைக்கப்படும். சரிபார்க்கிறவரும் சரிபார்க்கப்படுகிறவரும் அலுவல் விஷயமாக நேரில் பேசக் கூடாது, வீட்டிலும் பேசக் கூடாது என்பது விதி. விதியை எழுதிக் கொடுத்தவர் முன்னுரைதான்.

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே, படிக்கட்டு திரும்புகிற இடத்தில், ஒரு கழிப்பறை இருந்தது. இரண்டு மாடிப் பெண்கள் இருபது பேருக்கும் அது ஒன்றுதான். ஆண்களுக்கு மாடிக்கு இரண்டு, எல்லாம் தாழ்ப்பாளோடு. ஆகவே அதைப் பற்றி உலக அளவில் கவலைப்பட ஒன்றும் இல்லை. பெண்கள் கழிப்பறையைக் கட்டியபோது அதை யார் செலவில் கட்டுவது என்ற கேள்வி வந்தது. சமபங்கு என்று முடிவாயிற்று. மூன்றாம் மாடிக்காரர்கள் கதவைக் கொடுத்தார்கள். நான்காம் மாடிக்காரர்கள் கதவு நிற்கிற நிலையைக் கொடுத்தார்கள். கதவும் நிலையும் சேர்ந்த அன்றைக்கு எடுத்த புகைப்படம் இன்றும் கீழே வாசலில் ‘ஒத்துழைப்பின் முதல் வெற்றி’ என்ற தலைப்போடு தொங்குகிறது.

ஒருநாள் தாழ்ப்பாள் போய்விட்டது. கதவிலிருந்த கம்பி ஒற்றைத் திருகாணியில் தொங்கியது. நிலையில் அது போய் நுழைகிற வளையம் காணாமலே போயிற்று. கம்பி கதவில் இருப்பதால் அது அவர்களுடையது. வளையம் நிலையில் இருப்பதால் அது எங்களுடையது என்றது நான்காம் மாடி. ஒருவர் மட்டும் கை வைத்தால் அது ஒருதலைப்பட்ச நடவடிக்கை ஆகிவிடும் என்று இரண்டு மாடிகளும் ஒரே குரலில் சொல்லின. அந்த இரண்டு மாடிகளும் ஒரே குரலில் சொன்ன முதல் விஷயம் அதுதான்.

தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குப் பெண்கள் தாங்களே ஒரு முறை கண்டுபிடித்தார்கள். உள்ளே இருப்பவர் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தட்டச்சுப் பெண் பாடினாள். மூன்றாம் மாடி இயக்குநர் அம்மா கடந்த ஆண்டுத் தீர்மானங்களைக் கணீரென்று ஒப்பித்தார். முன்னுரையின் மனைவிக்குப் பாட்டு வராது. இலக்குகள் பதினேழு என்பதால் அந்த எண் அவளுக்கு மனப்பாடம். பதினேழாம் வாய்ப்பாடு சொன்னாள். ஒருநாள் வெளிநாட்டிலிருந்து வந்த தூதுக்குழுவில் ஒரு பெரியவர், மொழி தெரியாதவர், யாரோ வரவேற்புரை நிகழ்த்துகிறார்கள் என்று நினைத்துக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டார். அப்போது அவள் ஆறு பதினேழு நூற்றிரண்டில் இருந்தாள். அவர் கைதட்டிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அவள் காலையில் ஒரு டம்ளர் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டாள்.

“ஒரு தாழ்ப்பாள்தானேங்க,” என்றாள் அன்று மாலை ஸ்கூட்டரின் பின்னாலிருந்து. “நீங்க மேல சொல்லி மாட்ட வைக்கக் கூடாதா?”

“அலுவல் விஷயம் வெளியில பேசக் கூடாதும்மா.”

“சரி, வீட்டு விஷயம் பேசறேன். நம்ம வீட்டு பாத்ரூம்லயும் தாழ்ப்பாள் இல்ல. ஒன்பது வருஷமா வாளியில தண்ணி நிரப்பி முட்டுக் கொடுத்திட்டிருக்கேன்.”

“வீட்ல ரெண்டு பேர்தானே. அடுத்த ஞாயிறு பாத்துடலாம்.”

அடுத்த ஞாயிறு என்பது அவருக்கு ஒரு கிழமை அல்ல, ஒரு கொள்கை. ஆனால் மனைவி முகம் வாடினால் தாங்காத மனிதர். மறுநாளே தன் மேலதிகாரியான ஒருங்கிணைப்பாளரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். ஒருங்கிணைப்பாளர் கீழ்த்தளத்தில் மேசை நாற்காலி பழுது பார்க்கும் தச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார். தச்சர் வந்து கதவை ஆட்டிப் பார்த்தார்.

“பத்து நிமிஷ வேலை சார். கம்பியும் வளையமும் என்கிட்டயே இருக்கு.”

“பத்து நிமிஷமா?” ஒருங்கிணைப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். “கதவுக்காரங்க சம்மதம், நிலைக்காரங்க சம்மதம், ரெண்டு தலைமையகத்தோட ஒப்புதல், இதெல்லாம் பத்து நிமிஷத்துல வருமா?”

“அது வராது சார். தாழ்ப்பாள் வரும்.”

“உங்களை மாதிரி களத்தைத் தெரிஞ்சவங்க எங்களுக்கு வேணும்,” என்று ஒருங்கிணைப்பாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றே தச்சர் தொழில்நுட்ப ஆலோசகராக நியமிக்கப்பட்டார். உளியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு கூட்டங்களுக்கு வர ஆரம்பித்தார்.

முன்னுரை கடிதம் எழுத உட்கார்ந்தார். பத்தொன்பது நாள் எழுதினார். ‘மனித குலத்தின் கண்ணியத்தை நினைவில் கொண்டு’ என்று தொடங்கி, பெண்களின் பங்களிப்பை வரவேற்று, உலோகங்களின் நீடித்த பயன்பாட்டை வலியுறுத்தி, ஐந்தாம் பக்கத்தில் தாழ்ப்பாளைத் தொட்டார். கடிதம் பனி நாட்டுத் தலைமையகத்துக்குப் போய், அங்கிருந்து இரண்டுக்கும் மேலான பொதுக்குழு இருக்கும் இன்னொரு நாட்டுக்குப் போய், அங்கிருந்து கடல் தாண்டிய தலைமையகத்துக்குப் போய், நாற்பத்தோரு நாள் கழித்து மூன்றாம் மாடிக்கு வந்தது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்கள். இது உலகத்தைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதை. அவர் மேசையிலிருந்து அவள் மேசைக்கு இருபத்திரண்டு படிகள்.

“உங்க கடிதம் இன்னைக்கு வந்தது,” என்றாள் அவள், சாப்பாட்டு மேசையில்.

விதியை மறந்து முன்னுரை நிமிர்ந்தார். “முன்னுரை எப்படி இருந்தது?”

“நல்லா இருந்தது. படிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கு அவசரம் வந்துடுச்சு.”

“பதில் எப்ப போடுவீங்க?”

“அலுவல் விஷயம் வீட்ல பேசக் கூடாதுங்க.”

பதில், போன வழியிலேயே திரும்பி, ஐம்பத்து மூன்று நாளில் வந்தது. இயக்குநர் அம்மா கையெழுத்திட்டிருந்தார். ‘தங்கள் கோரிக்கை கவனத்தில் கொள்ளப்பட்டது.’ படித்ததும் முன்னுரைக்குக் கோபம் வரவில்லை, பெருமையாக இருந்தது. செய்ய மாட்டோம் என்பதை யார் மனமும் நோகாமல் சொல்வதற்காகப் பத்து வருஷத்துக்கு முன் அவரே கண்டுபிடித்த வாக்கியம் அது. இன்று மூன்று நாடுகளைச் சுற்றி அவரிடமே திரும்பி வந்திருக்கிறது. அதை வெட்டி எடுத்துக் கோப்பில் ஒட்டி வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வேலை சூடு பிடித்தது. இரண்டு மாடிகளும் சேர்ந்து கூட்டுக் கூட்டம் போட்டன. முதல் கூட்டத்தில் வினைச்சொல்லைத் தவிர மற்ற எல்லாம் முடிவாயிற்று.

“தாழ்ப்பாளைப் பொருத்துவோம்னு போட்டிருக்கீங்க,” என்றார் ஒருங்கிணைப்பாளர். “பொருத்துவோம்னு போட்டா அப்புறம் பொருத்தணுமே.”

“பொருத்த முயலுவோம்?” என்றார் முன்னுரை.

“முயன்றோமான்னு நாங்க சரிபார்க்க வேண்டி வரும்,” என்றார் இயக்குநர் அம்மா. “எங்ககிட்ட ஆள் பத்தாது.”

“பொருத்துவதன் இன்றியமையாமையை இரு தரப்பும் உணர்கிறது.”

மேசையைச் சுற்றி ஒரு நிம்மதி பரவியது. உணர்வதற்கு யாருக்கும் ஆட்சேபம் இல்லை. இயக்குநர் அம்மாவும் ஒரு பெண்தான். அவரும் அந்தக் கதவுக்குப் பின்னால் தீர்மானம் ஒப்பிக்கிறவர்தான். ஆனால் கூட்டத்தில் அவர் பெண்ணாக வரவில்லை, கதவாக வந்திருந்தார். கடைசியில் தொழில்நுட்ப ஆலோசகரின் கருத்தைக் கேட்டார்கள். தச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கொள்கை அளவுல பத்து நிமிஷம் சார். ஆனா முதல்ல தேவை மதிப்பீடு பண்ணணும். எத்தனை பேர் கதவைத் தள்ளறாங்க, எந்தத் திசையில தள்ளறாங்கன்னு தரவு இல்லாம ஒரு திருகாணி வைக்கறது சரியா வராது.”

முன்னுரை அவரைப் பார்த்தார். நான்கு மாதத்துக்கு முன் ஒரு கதவை ஆட்டிப் பார்த்தே நோயைச் சொன்ன மனிதர். இவருக்கு இந்த மொழியைக் கற்றுக் கொடுத்தது யார் என்று யோசித்தார். கொஞ்சம் யோசித்ததும் நிறுத்திக்கொண்டார்.

இதற்கிடையில் பனி நாட்டில் உச்சி மாநாடு அறிவித்தார்கள். ஆண்டுகள் ஓடுகின்றன, இலக்குகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன, ஒத்துழைப்பை இன்னும் விரைவாக்க வேண்டும், அதற்கு முன்மாதிரிகள் வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. இரு நாட்டு நிறுவனங்கள் ஒரு தாழ்ப்பாளுக்காக ஏழு மாதம் இடைவிடாமல் ஒத்துழைத்த வரலாறு உலகத்தில் வேறெங்கே இருக்கிறது? விண்ணப்பித்தார்கள். முன்மாதிரியாகத் தேர்வானது. மாநாட்டு மேடையில் முன்னுரையை முன்னுரையே வாசிக்க வேண்டும் என்று உத்தரவும் வந்தது. இருபத்தாறு வருஷ வேலையில் அவர் எழுதியதை அவர் வாயால் வாசிக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. கண்ணாடி முன் நின்று பழகினார்.

கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது அவர் மனைவிக்குக் குளிர்க் காய்ச்சல் வந்தது. இடுப்பில் வலி என்று சுருண்டு படுத்தாள். மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவர் பரிசோதனைக் காகிதங்களைப் பார்த்துவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்தார்.

“சிறுநீரகத்துல தொற்று. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கறீங்க?”

“காலைல ஒரு டம்ளர். அப்புறம் சாயங்காலம் வீட்டுக்கு வந்து.”

“நடுவுல?”

“நடுவுல ஆபீஸ், டாக்டர்.”

மருத்துவருக்கு அது புரிந்தது. அவரும் எங்கேயோ வேலைக்குப் போகிற பெண்தானே. “இப்படியே அடக்கிட்டிருந்தா அடுத்த தடவை மருந்தோட நிக்காது,” என்றார். பிறகு கட்டிலின் அந்தப் பக்கம் நின்ற முன்னுரையிடம் திரும்பி, “நீங்க என்ன வேலை பண்றீங்க?” என்று கேட்டார்.

“எல்லாருக்கும் சுத்தமான தண்ணியும் கழிப்பறையும்…” என்று ஆரம்பித்தார் முன்னுரை. “அது ஆறாவது இலக்கு. அதை உலக நாடுகள் சேர்ந்து சீக்கிரமா…”

மருத்துவர் அவரைப் பார்த்தார். பிறகு மருந்துச் சீட்டு எழுதினார்.

முன்னுரைக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, எதையும் நினைவில் கொள்ளாமல், எதையும் வலியுறுத்தாமல், வெறுமனே வெட்கமாக இருந்தது. சலைன் பாட்டிலில் சொட்டுகிற தண்ணீரை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் கண்ணைத் திறந்து, “மாநாட்டுக்குத் துணி எடுத்து வெச்சாச்சா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் குத்தல் இல்லை. அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. போகவில்லை என்றார். மேடையில் வேறு யாராவது வாசித்துக்கொள்ளட்டும் என்றார்.

மறுநாள் காலை அவள் தூங்கும்போது, இரும்புச் சாமான் கடைக்குப் போனார். கம்பி, வளையம், எட்டுத் திருகாணி, ஒரு திருப்புளி. கடைக்காரர் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். லிஃப்டில் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று படியேறினார். இருபத்தாறு வருஷத்தில் அவர் செய்யப்போகும் முதல் ஒருதலைப்பட்ச நடவடிக்கை. பிடிபட்டால் வேலைகூடப் போகலாம். போனால் போகட்டும் என்று நினைத்தார்.

படி திரும்புகிற இடத்துக்கு வந்து நிமிர்ந்து பார்த்தார். நிலை இருந்தது. கதவைக் காணோம்.

கதவு இருந்த இடத்தில் மாநாட்டுப் பதாகை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். ‘திறந்த மனம், திறந்த உலகம்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. படிக்கட்டுக் காற்றில் அது ஆடி ஆடி, உள்ளே இருந்த வாளியையும் குவளையையும் காட்டியது. முன்னுரை மேலே ஓடினார்.

“கதவு எங்கே சார்?”

“நேத்தே விமானத்துல ஏத்தியாச்சு,” என்றார் ஒருங்கிணைப்பாளர், தன் பெட்டியைக் கட்டிக்கொண்டே. “முன்மாதிரியைப் புகைப்படத்துல பாத்து என்ன பிரயோஜனம்? நேர்ல காட்டச் சொல்லிட்டாங்க. ஆலோசகரும் கூடப் போயிருக்கார், கதவு பத்திரமாப் போய்ச் சேரணும்ல.”

“நிலை?”

“நிலையைப் பெயர்க்கணும்னா சுவரை இடிக்கணும். சுவர் கட்டடக்காரருடையது. அவர் இன்னும் ஒப்பந்தத்துல ஒரு தரப்பா சேரல.” பெட்டியைப் பூட்டினார். பெட்டிக்கு நல்ல பூட்டு. “உங்க மனைவிக்கு உடம்பு தேவலையா? நான் விசாரிச்சதாச் சொல்லுங்க.”

முன்னுரை வீட்டுக்குத் திரும்பினார். மனைவி மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தைச் சாப்பாட்டு மேசையில் பிரித்து வைத்து, நடந்ததைச் சொன்னார். விதியைப் பற்றி இருவருமே பேசவில்லை.

“ஆக, எனக்காகத் தாழ்ப்பாள் வாங்கினீங்க.”

“வாங்கினேன். மாட்டறதுக்குத்தான் கதவு இல்லாமப் போச்சு.”

“அதோ ஒரு கதவு இருக்கே,” என்று தன் வீட்டுக் குளியலறையைக் காட்டினாள். ஒன்பது வருஷமாக முட்டுக் கொடுத்த நீல வாளி அதன் அடியில் உட்கார்ந்திருந்தது.

அவர் திருப்புளியை எடுத்தார். கதவின் முன் போய் நின்றார். கதவைப் பார்த்தார், நிலையைப் பார்த்தார். “முதல்ல ஒரு அளவு எடுத்துக்கலாமா? பென்சில் எங்க இருக்கு? உயரம் எவ்வளவு இருக்கணும்னு ஒரு தடவை…”

அவள் திருப்புளியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவர் வளையத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினோரு நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷ வேலைதான். அவர் ஒரு திருகாணியைக் கீழே போட்டுத் தேடியதில் ஒரு நிமிஷம் கூடியது. அவள் உள்ளே போய்க் கம்பியைத் தள்ளினாள். ‘டக்’கென்று விழுந்தது. இழுத்தாள், மறுபடி தள்ளினாள். வெளியே வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. “இவ்வளவுதாங்க,” என்றாள்.

மாநாடு அமோகமாக நடந்தது. கதவை நடுக்கூடத்தில் நிறுத்தி, முப்பத்திரண்டு நாட்டுப் பிரதிநிதிகள் வரிசையாகத் திறந்து மூடிப் பார்த்தார்களாம். முன்னுரையை ஒருங்கிணைப்பாளர் வாசித்தார், இருமுறை கைதட்டல். ஒருங்கிணைப்பாளரும் இயக்குநர் அம்மாவும் ஆளுக்கொரு கேடயத்தோடு திரும்பி வந்தார்கள். கதவு திரும்பவில்லை. அடுத்த நாட்டுக் கண்காட்சிக்கு அதைக் கேட்டுவிட்டார்கள், அதற்கடுத்த நாட்டுக்கு இப்போதே பதிவு. தச்சர் அதன் கூடவே சுற்றுகிறார்.

கேடயத்தோடு ஒரு படிவமும் வந்திருந்தது. இரண்டே கட்டங்கள். ‘ஒத்துழைப்பின் விளைவாகப் பொருத்தப்பட்ட தாழ்ப்பாள்கள்.’ ‘பயன்பெறும் பெண்கள்.’

“பூஜ்யம்னு போட முடியாது,” என்றார் ஒருங்கிணைப்பாளர். “முப்பத்திரண்டு நாடு கைதட்டியிருக்கு. நீங்கதான் ஏதாவது பண்ணணும்.”

முன்னுரை யோசித்தார். மையத்தின் ஊழியர் ஒருவரும் நிறுவனத்தின் ஊழியர் ஒருவரும் சேர்ந்து ஒரு தாழ்ப்பாளைப் பொருத்தியது உண்மை. ஒருவர் கம்பி, ஒருவர் வளையம், ஒப்பந்தத்தில் சொன்னபடியே. எந்தக் கதவு என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. முதல் கட்டத்தில் ‘ஒன்று’ என்று எழுதினார். இரண்டாவது கட்டத்திலும் ‘ஒன்று’ என்று எழுதப் போனார். ஒருங்கிணைப்பாளர் தோளுக்குப் பின்னாலிருந்து, “திட்டப்படி இருபது,” என்றார். கை தானாகவே இருபது என்று எழுதியது. வெட்கம் இருந்ததே, அது எங்கே போயிற்று என்று கேட்கலாம். மனைவிக்குக் காய்ச்சல் இறங்கியபோது அதுவும் கொஞ்சம் இறங்கிவிட்டது. நமக்கெல்லாம் அப்படித்தானே.

படிவம் சரிபார்ப்புக்காக மூன்றாம் மாடிக்குப் போனது. யார் மேசைக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அவர் தாங்கமாட்டாமல் கேட்டார்.

“கையெழுத்துப் போட்டியாம்மா?”

“இன்னும் இல்ல. தாழ்ப்பாள் ஒண்ணு, சரி, அது நான் போட்டதுதான். பெண்கள் இருபதுன்னு இருக்கு. பொய்க்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு உங்களுக்கே தெரியும்.”

“அப்ப திருத்தி அனுப்பிடேன்.”

“திருத்தணும்னா மூணு நாட்டுல ஒப்புதல் வாங்கணும். கதவு மாதிரி அந்தப் படிவமும் போயிட்டே இருக்கும்.” அவள் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து, நின்றபடி முழுவதும் குடித்தாள். “படிவத்தை மாத்தறதைவிட ஊரை மாத்தறது சுலபம். நான் பாத்துக்கறேன்.”

அவள் என்ன பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. அடுத்த வாரம் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்று தகவல் வந்ததும், எப்படி என்று கேட்பது விதிக்குப் புறம்பு என்பதால் கேட்கவில்லை. மையத்தின் வேன் தினமும் காலை பதினோரு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் கிளம்பிப் போவதைச் சன்னலில் பார்த்தார். அந்த வேனை நோயாளிக்குக் கேட்டாலும் தர மாட்டார்கள். கள ஆய்வுக்கு மட்டுமே உரியது. இரண்டு மாடிப் பெண்களும் சிரித்துக்கொண்டே அதில் ஏறினார்கள். கள ஆய்வு இவ்வளவு முனைப்பாக நடக்கிறதே என்று மகிழ்ந்தார். மேசைகளில் புதிதாகத் தண்ணீர்ப் பாட்டில்கள் முளைத்திருந்ததையும் கவனித்தார். ஆறாவது இலக்கு நெருங்கிவிட்டதென்று நினைத்துக்கொண்டார்.

ஒரு புதன்கிழமை காலை அவருக்கு வயிறு சரியில்லை. முந்தின நாள் கேடயத்துக்காக வைத்த விருந்தில் கொஞ்சம் அதிகமாக ஒத்துழைத்துவிட்டார். மனைவியை ஆட்டோவில் அனுப்பிவிட்டு, விடுப்பு எடுத்து வீட்டில் படுத்துக்கொண்டார். இரண்டு தடவை போய் வந்து, மூன்றாவது தடவைக்கு எழுந்திருக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வாசலில் வேன் நின்றது. சாவி போட்டு வாசல் கதவைத் திறந்துகொண்டு அவர் மனைவி உள்ளே வந்தாள். அவள் பின்னால் ஒன்பது பெண்கள். எல்லோர் கழுத்திலும் அட்டை. ஒருத்தி கையில் பெயர்ப்பட்டியல்.

“இது என்னம்மா?”

“கள ஆய்வுங்க. திட்டப்படி பொருத்தின தாழ்ப்பாள் இங்கதானே இருக்கு? பயன்பெறும் பெண்கள் இருபது பேர், காலைல பத்து, மதியம் பத்து.” குடத்திலிருந்து எல்லோருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். “நீங்க எழுதினது ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல இப்போ.”

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்கு விரைந்தார். அதற்குள் யாரோ உள்ளே போயிருந்தார்கள். கம்பி ‘டக்’கென்று விழுந்த சத்தம் கேட்டது. பாட்டு இல்லை, வாய்ப்பாடு இல்லை. உள்ளே இருந்தவர் நிம்மதியாக மௌனமாக இருந்தார். முன்னுரை கதவைத் தட்டினார்.

“யாரு?” இயக்குநர் அம்மாவின் குரல்.

“நான்தாங்க மேடம். வீட்டுக்காரர். கொஞ்சம் அவசரம்.”

உள்ளிருந்து கணீரென்று பதில் வந்தது.

“தங்கள் கோரிக்கை கவனத்தில் கொள்ளப்பட்டது.”

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் பெயர்ப்பட்டியலை வாங்கி நீட்டி, தலைப்பைக் காட்டினாள். ‘பயன்பெறும் பெண்கள்’ என்று இருந்தது. “உங்களைச் சேர்க்கணும்னா சேர்க்கலாம்,” என்றாள். “ஒரு கடிதம் எழுதிக் கொடுங்க. மேல அனுப்பறேன்.”

பக்கத்தில் கிடந்த நீல வாளியைப் பிடித்துக்கொண்டு அவர் கதவோரம் நின்றார். நிற்க முடியவில்லை. மனத்தை வேறெதிலாவது திருப்ப வேண்டும். ஒரு பதினேழு பதினேழு, என்று ஆரம்பித்தார். ரெண்டு பதினேழு முப்பத்தி நாலு. வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஆறு பதினேழு நூற்றிரண்டு வரைக்கும் வந்துவிட்டார். கதவு திறக்கவில்லை.